வக்கீல் ஸாரின் விலாசம்

பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள் என்று கிறிஸ்டோ வந்து சொன்னபோது சகாயராணி இரண்டாம் ஈடு முறுக்கை எண்ணெயில் போட்டிருந்தாள். மூன்று நாளாக மழை விடவில்லை. மழைக்காலத்தில் முறுக்குக்காரிக்குக் காற்றே பகை. சட்டியிலிருந்து எடுத்ததைக் கொஞ்சம் அசந்து வெளியே வைத்தாலும் நமுத்துவிடும். ஆறின நிமிஷமே கவரில் போட்டு, மெழுகுவத்திச் சுடரில் கவரின் வாயைக் காட்டி ஒட்டிவிட வேண்டும். ஒட்டும் வேலை அவள் புருஷன் தனசீலனுடையது. இருபத்திரண்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து காகிதம் மடித்துப் பழகிய கை. அவர் ஒட்டின கவரில் ஈரக்காற்று நுழைய வழியே இருக்காது. கடைக்காரர்கள் அதைச் சொல்லியே கேட்டு வாங்குவார்கள்.

"அம்மா, நம்ம ரூமுக்கு நேரா அபாத்ர்னு போட்டிருக்கு," என்றான் கிறிஸ்டோ. குடையை மடக்கக்கூட இல்லை. செம்பூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போகிறவன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுத்தான் பட்டியலைப் பார்க்கப் போயிருந்தான்.

'பாத்ர்' என்றால் தகுதி உண்டு. இடித்துவிட்டு இங்கேயே கட்டப்போகும் கட்டடத்தில் வீடு. 'அபாத்ர்' என்றால் தகுதி இல்லை. மான்குர்த்தைத் தாண்டி, உப்பளத்திலோ குப்பைமேட்டுப் பக்கமோ என்றைக்கோ எழும்பப் போவதாகச் சொல்கிற வாடகைக் கட்டடம், அதுவும் கிடைத்தால். சர்வே ஆரம்பித்த ஒரே வருடத்தில் தாராவியில் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூட இந்த இரண்டு மராட்டி வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்துபோயிற்று.

"வேற ரூமைப் பாத்துட்டு வந்துருப்ப. முப்பத்தெட்டு வருசமா இங்கன கெடக்கோம். நமக்கா இல்லம்பான்?" என்றாள் சகாயராணி. கரண்டியை அவள் விடவில்லை.

அவன் போனில் எடுத்து வந்த படத்தை விரித்துக் காட்டினான். ரூம் நம்பர் பதினாலு. உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் தனசீலன் இல்லை. பத்ரிநாராயணன், வழக்கறிஞர் என்று இருந்தது.

தனசீலன் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த கவரின் வாயைச் சுடரில் காட்டினார். காட்டியபடியே இருந்தார். அது சுருங்கிக் கறுத்து ஓட்டை விழுந்தது. சகாயராணி அதைப் பார்த்தாள். கலியாணமான நாளிலிருந்து அவர் கையில் ஒரு கவர் வீணாகி அவள் பார்த்ததில்லை.

பத்ரிநாராயணன் யார் என்று இன்றைக்கு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் டில்லியில் கூடிய மாநாட்டில் கட்சியின் அகில இந்தியத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு இவர்கள் இருக்கும் கல்லியில், அந்தக் குறுகிய சந்தில், வெடி போட்டார்கள், பேடா கொடுத்தார்கள். தனசீலனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளாத குறை.

ஆனால் சகாயராணி முதலில் பார்த்தபோது அவர் மாட்டுங்காவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பின்பக்கத் தடுப்பில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒல்லி வக்கீல். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா ரயில்வேயில் கிளார்க். இருந்தது ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. மழைக்காலத்தில் சனிக்கிழமை துவைத்தால் திங்கட்கிழமை ஈரத்தோடுதான் கோர்ட்டுக்குப் போவார். குடிசைகளை இடிக்க லாரி வருகிற காலம் அது. தாராவி என்றாலே மற்ற வக்கீல்கள் மூக்கைப் பிடிப்பார்கள். இவர் வந்தார். சாக்கடைக்கு மேல் போட்ட பலகையில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். லாரியின் முன்னால் ஸ்டே ஆர்டரை நீட்டிக்கொண்டு நின்றார். அதை யாரும் மறுக்க முடியாது. சகாயராணியும் மறுத்ததில்லை.

அந்த ஸ்டே ஆர்டர்களுக்கு வேண்டிய காகிதங்களைச் சேர்த்தவர் தனசீலன். திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து தோல் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தவரை வக்கீல் ஸார் குமாஸ்தாவாக இழுத்துக்கொண்டார். யார் ரேஷன் கார்டு தொலைந்தது, யார் பெயர் வோட்டர் லிஸ்டில் தப்பு, யாருக்குக் குடிசைக்கான அடையாளச் சீட்டான போட்டோபாஸ் வரவில்லை, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆயிரம் குடும்பத்துக்காவது எழுதிக் கொடுத்திருப்பார். குமாஸ்தா என்பதால் அவருக்கு முன்ஷி அண்ணாச்சி என்று பெயர். முன்ஷி அண்ணாச்சி எழுதின மனுவை எந்த அதிகாரியும் திருப்பி அனுப்ப மாட்டான் என்று கல்லியில் பேச்சு. காசு வாங்க மாட்டார். அதனால்தான் சகாயராணி முறுக்குச் சுட ஆரம்பித்தாள்.

தொண்ணூற்றிரண்டில் வக்கீல் ஸார் முதல்முதலாகக் கார்ப்பொரேஷன் தேர்தலுக்கு நின்றார். எதிர்ப்பக்கத்து ஆள் ஒரே ஒரு வார்த்தையைத்தான் மைக்கில் சொல்லிக்கொண்டு போனான்: மாட்டுங்கா ஐயர், வெளியாள். அது ஏறியது. வாக்கு நழுவுவது கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது அந்த யோசனையைச் சொன்னவர் சாட்சாத் தனசீலன்தான். ஸாருக்குத் தாராவியில் ஒரு விலாசம் இருந்தால் போதும் என்றார். தன் ரூமையே வக்கீல் ஸாருக்கு விற்றதாக முத்திரைக் காகிதத்தில் பழைய தேதி போட்டுத் தன் கையாலேயே எழுதினார். கரண்ட் மீட்டரை மாற்றினார், போட்டோபாஸை மாற்றினார், வோட்டர் லிஸ்டில் ஸாரின் பெயரை ஏற்றினார். ஒரே ரூமில் இரண்டு குடும்பம் இருந்தால் கேள்வி வரும் என்று தன் பெயரையும் சகாயராணியின் பெயரையும் மான்குர்த்தில் இருந்த அவளுடைய அண்ணன் விலாசத்துக்கு மாற்றினார்.

கலியாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகி ஏழு மாதமாயிருந்தவளை, முறுக்கு உரலோடு, அண்ணன் வீட்டுக்கே அனுப்பியும் வைத்தார். வக்கீல் ஸார் வந்து பதினோரு நாள் அந்த ரூமில் படுத்து எழுந்தார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். ஜெயித்தார். கிறிஸ்டோ மான்குர்த்தில் பிறந்தான். பிறப்புச் சான்றிதழிலும் அந்த ஊர்தான்.

தேர்தல் முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பிவிடலாம் என்று பேச்சு. சகாயராணி பிள்ளையோடு திரும்பினாள், பெயர் திரும்பவில்லை. அடுத்தது எம்.எல்.ஏ. தேர்தல் வந்தது, அது முடியட்டும் என்றார்கள். பிறகு பார்லிமென்டுக்கு நின்று இரண்டு தடவை தோற்றார். தோற்ற மனுஷனிடம் எப்படிக் கேட்பது என்றார் தனசீலன். மூன்றாம் தடவை ஜெயித்து, டில்லியில் இணை மந்திரியாகி, பிறகு தினமும் டி.வி.யில் கட்சிக்காக வாதாடுகிறவராகி, பெரிய தலைவர்கள் ஒவ்வொருவராகக் கட்சியைவிட்டு ஓடியபோது ஓடாமல் நின்ற ஒரே ஆளாகி, அப்படித்தான் தலைவர் ஆனார். ஒவ்வொரு மேடையிலும், தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் வாழ்ந்தவன் நான் என்று சொல்வார். பதினோரு நாள் என்று சொன்னதில்லை. இரண்டாயிரத்து நான்கில் தனசீலன் ஒருவழியாகத் தங்கள் பெயர்களை மறுபடி தாராவி லிஸ்டில் சேர்த்தார். அதில் என்ன பிரயோஜனம். சர்வேக்காரர்களுக்கு வேண்டியது இரண்டாயிரத்துக்கு முந்தின காகிதம்.

மறுநாள் சகாயராணி மகனைக் கூட்டிக்கொண்டு தொண்ணூறு அடி ரோட்டில் இருந்த சர்வே அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த மராட்டிப் பெண் நல்லவள். உட்காரச் சொல்லிக் கேட்டாள். பதினைந்து நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம், இந்த ரூம் பேருக்குத்தான் என்னிடம் இருந்தது, குடியிருந்ததெல்லாம் இந்தக் குடும்பம்தான் என்று பட்டியலில் பேர் இருக்கிற அந்த வக்கீல் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும், மீதிக்குப் பையனின் பள்ளிக்கூட ரிஜிஸ்டரும் சர்ச் ரிஜிஸ்டரும் இருக்கின்றன என்றாள். சகாயராணிக்கு உயிர் வந்தது. ஒரு கையெழுத்துதானே.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தனசீலன் ஒட்டின கவர்களை எண்ணி அடுக்கினார். பிறகு, ஸார் தலைவராகி ஒரு மாதம்தான் ஆகிறது, எதிர்க்கட்சிக்காரன் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறான், இப்போது போய் இதைக் கேட்க முடியாது என்றார். கேட்காவிட்டால் வீடு போய்விடும் என்று அவள் சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் அந்த ரூமில் முறுக்கு பொரிகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

மூன்றாம் நாள் கட்சியின் வார்டு ஆள் சாய்நாத் கேமராக்காரர்களோடு வந்தான். தலைவரின் வாழ்க்கையைப் படம் எடுக்கிறார்களாம். எண்ணெய் டின்களையும் ஸ்டவ்வையும் அப்புறப்படுத்தச் சொன்னான். சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். ஒரு பழைய டிரங்குப் பெட்டியும் நாலு சட்டப் புத்தகமும் கொண்டுவந்து வைத்தார்கள். "ஆன்ட்டி, தோ மினிட், கொஞ்சம் வெளியே நில்லுங்க. ஃப்ரேம்ல வர்றீங்க," என்றான். சகாயராணி மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் மழையில் நின்றாள். நின்றது தோ மினிட் இல்லை, முக்கால் மணி நேரம். மாவு புளித்துப் போயிற்று. அன்றைக்குப் பிழிந்த முறுக்கெல்லாம் சிவந்து வந்தது, கடைக்காரன் பாதியைத் திருப்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் தலைவருக்குப் பாராட்டு விழா. நீங்கள் வராவிட்டால் நானே மேடையேறிக் கேட்பேன் என்று சகாயராணி சொன்னபிறகுதான் தனசீலன் கிளம்பினார். அவள் செய்யக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும்.

ஹாலில் மல்லிகை வாசனையும் காபி வாசனையுமாக இருந்தது. விழா முடிந்து, மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் சால்வைக் குவியலுக்கு நடுவே பத்ரிநாராயணன் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. தனசீலனைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். சுற்றி நின்ற டில்லிக்காரர்களிடம், இவன் இல்லாவிட்டால் நான் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். தனசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. சகாயராணி கொண்டுபோன முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, அந்தப் பதினோரு நாளும் இந்த முறுக்குதான் தனக்கு ராத்திரிச் சாப்பாடு என்று நினைவுபடுத்திக்கொண்டார். அந்தப் பதினோரு நாளும் அவள் மான்குர்த்தில் இருந்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. வந்த காரியம் வேறு.

தனசீலன் நெளிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். பாதி சொல்லும்போதே பத்ரிநாராயணன் கையை உயர்த்தினார்.

"இதுக்கா இத்தனை தயங்கறே? என்னிக்காவது நீ எழுதினதைப் படிச்சுப் பாத்து நான் கையெழுத்துப் போட்டிருக்கேனா? நீயே எழுதுடா. உனக்கு எது நியாயம்னு படறதோ அதை எழுதி அனுப்பு. நான் போட்டு அனுப்பறேன்."

அவ்வளவுதான். சகாயராணிக்கு அந்த மனிதரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. இத்தனை நாள் இவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேனே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

வெளியே வரும்போது அவருடைய ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் சாதனா என்ற பெண் படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தாள். அவளும் வக்கீல், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். "அங்கிள், ஒண்ணே ஒண்ணு. ஸாரோட நாமினேஷன் பேப்பர் எல்லாத்துலயும் இந்த ரூம் அட்ரஸ் இருக்கு. அதுக்கு கான்ட்ராவா எதுவும் வந்துடாம பாத்துக்கோங்கோ. உங்களுக்கு நான் சொல்லணுமா," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். தனசீலன் தலையாட்டினார். சகாயராணி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. புதுக் கட்டடத்தில் எந்த மாடி கேட்பது, மேல்மாடி என்றால் எண்ணெய் டின்னை ஏற்றுவது கஷ்டம் என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தனசீலன் ம், ம் என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தார். இரண்டு நாள் எழுதினார். எழுதுவார், கிழிப்பார். சகாயராணிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். இங்கிலீஷ் வாக்குமூலத்தில் அவளுக்கு என்ன வேலை. கூட ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தாள். டைப் அடித்து டில்லிக்கு அனுப்பியாயிற்று. ஆள் இன்னும் வரவில்லை, தலைவர் பிரசாரத்தில் இருக்கிறார், இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நாள் ஓடியது. பதினைந்தாம் நாள், கடைசி நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு சாய்நாத் வந்து கவரைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே கையெழுத்தும் நோட்டரி முத்திரையுமாகக் காகிதம் சுத்தமாக இருந்தது.

சகாயராணி முறுக்குக் குழலைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிவிட்டு அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகனிடம் கொடுத்து, என்ன எழுதியிருக்கு என்று வாசிக்கச் சொன்னாள். சந்தோஷத்தில்தான் சொன்னாள், சந்தேகத்தில் இல்லை.

கிறிஸ்டோ வாசித்தான். முதல் பக்கம் முடிவதற்குள் அவன் குரல் இறங்கிவிட்டது. தமிழில் சொல்லு என்றாள். அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"இந்த ரூம் என்னோடதுன்னு எழுதிருக்கு. நைன்ட்டி டூக்கு முன்னாலேர்ந்தே என்னோடதுதான்னு. தனசீலன்னு என் ஆபீஸ் ஸ்டாஃபை ரூமைப் பாத்துக்கறதுக்காக அங்கே தங்க விட்டிருக்கேன்னு. கவர்மென்ட் கருணை காட்டி அவருக்கு ஏதாவது செஞ்சா எனக்கு அப்ஜெக்ஷன் இல்லைன்னு. பஸ், அவ்வளவுதான்."

"என் பேரு எங்க இருக்கு?"

அவன் பக்கத்தைத் திருப்பினான். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான்.

"இல்லம்மா. ஃபேமிலின்னே ஒரு வார்த்தை இல்ல. டாடி பேரு மட்டும்தான்."

சகாயராணி உட்கார்ந்தாள். ஸ்டவ்வில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. கிறிஸ்டோதான் எட்டி அணைத்தான். தனசீலன் சுவரில் சாய்ந்து நின்றபடி, ஒரு ஜூனியருக்கு விளக்குவதுபோல, மெதுவாகச் சொன்னார்.

"குடும்பம்னு எழுதுனா, குடும்பம் இருந்த ரூம்ல ஸார் எங்கன இருந்தாவன்னு கேள்வி வரும் ராணி. அதான் எழுதல. கச்சிக்காரன் பேப்பர்ல ஓட்டை இருக்கக் கூடாது."

"அந்த ஓட்டையை அடைக்க என்னையத் தூக்கி வச்சு அடைச்சிட்டிய," என்றாள் அவள்.

இதைக் கொடுத்தால் நாமே நம் வாயால் வாடகைக்குக்கூட இல்லை, காவல்காரன் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும் என்று கிறிஸ்டோ கத்தினான். ஆயிரம் பேருக்குக் காகிதம் எழுதின உங்களுக்கு இது தெரியாதா என்று கேட்டான். தெரியும். தெரிந்துதான் எழுதினார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பத்ரிநாராயணன் அவரிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. எது நியாயமோ அதை எழுது என்றுதான் சொன்னார். அப்படிச் சொன்னால் தனசீலன் எதை எழுதுவார் என்று அந்த மனிதருக்குத் தெரியாமலா இருக்கும். இருபத்திரண்டு வருடம் கூட வைத்திருந்தவர். சகாயராணிக்கு அது அப்போதுதான் உறைத்தது. மாட்டுங்கா ஹாலில் அந்தக் காலைத் தொட இருந்தோமே என்று உடம்பு கூசியது.

கிறிஸ்டோ ஒரு வழி சொன்னான். இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அம்மா தன் பெயரில் தனியாக ஒரு ஆட்சேபம் கொடுக்கலாம். அந்த விற்பனைப் பத்திரம் தேர்தலுக்காக எழுதின பொய்ப் பத்திரம், குடியிருந்தது நாங்கள்தான் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் அந்த மராட்டிப் பெண் வாங்கிக்கொள்வாள். தானே எழுதுகிறேன் என்று காகிதத்தை எடுத்தான். நாலு வரி எழுதினான்.

தனசீலன் எட்டி அதைப் பார்த்தார். "இப்பிடி எழுதுனா முதல் மேஜைலயே தூக்கிப் போட்டுருவான்," என்றார். அவருக்குத் தாங்கவில்லை. தப்பாக எழுதின மனுவை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சகாயராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நீங்க எழுதுங்க. ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்திய. நான் ஒரு நாளும் உங்ககிட்ட ஒரு கடுதாசி எழுதித் தாங்கன்னு கேட்டதில்ல. இப்ப கேக்கேன். எனக்கு எழுதித் தாங்க."

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முறுக்குத் தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். ஒரு இடத்தில்கூட அடிக்கவில்லை, திருத்தவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கல்லியில் தண்ணீர் ஏறி வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. கிறிஸ்டோ மணியைப் பார்த்துக்கொண்டே நின்றான். சகாயராணி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவர் எழுதுவதை அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதற்கு நேரம் இருந்ததில்லை. நன்றாகத்தான் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் அவள் மனதில் ஒரு பெருமை வந்து போயிற்று.

இரண்டு பக்கம். எழுதி முடித்து, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு மகனிடம் நீட்டினார்.

கிறிஸ்டோ ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். எல்லாம் இருந்தது. சகாயராணி கலியாணமாகி அந்த ரூமுக்கு வந்த தேதி, அவளைப் பிரசவத்துக்கு அனுப்பின தேதி, கைப்பிள்ளையோடு திரும்பின தேதி, அவள் முறுக்குச் சுட்டுப் பிழைத்தது, எந்தெந்தக் கடைக்குப் போட்டாள் என்பது, கிறிஸ்டோவைப் பள்ளியில் சேர்த்த நாள். அவளுக்கே மறந்துபோனதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அடுத்த பக்கம் வந்தது. அந்த விற்பனைப் பத்திரம் பொய்யானது, அதை எழுதியது என் கணவர் தனசீலன், வக்கீலின் கையெழுத்தை அவருக்குத் தெரியாமல் மற்றக் காகிதங்களோடு சேர்த்து வாங்கிவிட்டார், வக்கீல் அவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது, குற்றம் முழுக்க என் கணவருடையது.

கிறிஸ்டோ நிறுத்திவிட்டான். இதைக் கொடுத்தால் போலீஸ் டாடியைத்தான் தேடி வரும் என்றான்.

"வரட்டும்," என்றார் தனசீலன். "வீடு உனக்கு வந்துரும் ராணி. நான் நல்லாத்தான் எழுதிருக்கேன், திருப்ப மாட்டான்."

"தெரியாமலா அந்த மனுசன் பதினோரு நாள் இங்கன வந்து படுத்தாவ?" என்று கேட்டாள் சகாயராணி.

அவர் காகிதத்தை மகன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அவிய சம்மதிச்சுத்தான எல்லாம் நடந்துது. உள்ளதை எழுதுங்க. அவிய பேரையும் சேத்து எழுதுங்க. ரெண்டு பேரும் சேந்து செஞ்சாவன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுதேன். உங்களைத் தனியா உள்ள தள்ளிட்டு எனக்கு வீடு வேண்டாம்."

தனசீலன் பேனாவின் மூடியைக் கழற்றினார். காகிதத்தை மறுபடி தட்டின்மேல் வைத்தார். குனிந்தார். பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. மழை கொஞ்சம் விட்டு, கூரையில் தனித்தனியாகச் சொட்டுகிற சத்தம் கேட்டது. அவர் உதடு அசைந்தது. சொல்லிப் பார்த்துக்கொள்கிறார், எழுதிவிடுவார் என்று சகாயராணி நினைத்தாள். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு கண்ணாடியில் விழுந்தது. அதைத் துடைக்காமலே அப்படியே இருந்தார்.

"எழுதுங்க. இல்லன்னா மடிச்சு வச்சிருங்க, ஒண்ணும் குடுக்க வேண்டாம்," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பேனாவை மூடினார். பிறகு மடித்தார். கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தை மடிப்பதுபோல, நீளவாக்கில், ஓரத்தோடு ஓரம் சேர, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி மடித்தார். மணி நாலுகூட ஆகவில்லை. அலுவலகம் ஐந்தரை வரைக்கும் திறந்திருக்கும்.